கேமரா யார் பக்கம்?

'படையப்பா'வின் ஊஞ்சல் காட்சி ஞாபகம் இல்லாத தமிழ் ரசிகர் அபூர்வம். நீலாம்பரி நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வந்த படையப்பாவுக்கு நாற்காலி இல்லை, வேண்டுமென்றே இல்லை. அவர் மேலே பார்க்கிறார். ஊஞ்சல் ஒன்று தூக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. தோள் துண்டை வீசி ஒரே இழுப்பு. இறங்கி வந்த ஊஞ்சலில், அவளுக்கு நேர் எதிரே, அவளைப் போலவே கால்மேல் கால் போட்டு அமர்கிறார். 1999 ஏப்ரலில் கிழிந்த அந்த விசில் சத்தம், இன்றைக்கு டி.வி.யில் போட்டாலும் ஏதோ ஒரு வீட்டில் கேட்கிறது.

இந்தக் காட்சியில் இரண்டு பேரும் உட்காரும் விதம் ஒன்றுதான். அவள் உட்கார்ந்தால் திமிர், அவர் உட்கார்ந்தால் ஸ்டைல். இந்த வித்தியாசத்தை நமக்கு யார் சொன்னது? பெண் எப்படி இருக்க வேண்டும் என்று படத்தில் வேறு இடங்களில் தாராளமாகவே வகுப்பு எடுக்கப்படுகிறது. ஆனால் இந்த இடத்தில் பாடம் நடத்துவது வசனம் இல்லை. அவள் அசையாமல் இருக்கிறாள், அவர் அசைகிறார். காட்சியின் வேகம் முழுக்க அவர் கையில் இருக்கிறது. எடிட்டிங் அவர் துண்டோடு சேர்ந்து ஓடுகிறது. இசை அவருக்காகக் காத்திருந்து எழுகிறது. அவள் செய்த அவமானம் நமக்கு ஒரு தகவலாக வந்து சேர்கிறது. அவர் கொடுத்த பதிலோ ஓர் அனுபவமாக நம் உடம்பிலேயே ஏறிவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. படையப்பாவாக வரும் ரஜினிக்கு எதிரே நிற்க வேண்டுமானால் எதிராளிக்கும் எடை வேண்டும். அதனால் இயக்குநர் கே.எஸ். ரவிக்குமார், நீலாம்பரியாக நடித்த ரம்யா கிருஷ்ணனுக்கு நல்ல க்ளோஸ்-அப்களைக் கொடுத்தார், நிமிர்ந்த தலையைக் கொடுத்தார், கண்ணுக்குக் கண் முறைக்கும் உரிமையைக் கொடுத்தார். வழக்கமாக ஆண் வில்லனுக்கு மட்டும் கிடைக்கும் சொத்து அது. கதை அவளைத் தோற்கடித்தது. ஆனால் கால் நூற்றாண்டு கழித்து ஊர் நினைவில் வைத்திருப்பது, தலை குனிந்து நடந்த நாயகி வசுந்தராவை விட நீலாம்பரியைத்தான். வசனம் ஒன்று சொல்ல, ஷாட் வேறொன்று சொன்னால், மக்கள் ஷாட்டைத்தான் நம்புகிறார்கள்.

சினிமாவில் பெண் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் கதையையும் வசனத்தையும் மட்டும் பிடித்துக்கொள்கிறோம். ஹீரோயின் வேலைக்குப் போகிறாளா, எதிர்த்துப் பேசுகிறாளா, க்ளைமாக்ஸில் அறைகிறாளா என்று கணக்குப் பார்க்கிறோம். கேமரா எங்கே நின்றது, யார் தோளுக்குப் பின்னால் நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்பதில்லை.

பாதத்தில் தொடங்கும் இரண்டு பேர்

ஹீரோ அறிமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பாதம். புழுதி கிளம்புகிறது. அப்புறம் கை, முதுகு, பின்னங்கழுத்து. கடைசியில்தான் முகம். ஹீரோயின் அறிமுகமும் பெரும்பாலும் பாதத்தில்தான் தொடங்கும். கொலுசு, இடுப்பு, கூந்தல், பிறகு முகம். இருவரையும் துண்டு துண்டாகத்தான் காட்டுகிறார்கள். ஆனால் ஹீரோவின் ஒவ்வொரு துண்டும் ஏதாவது செய்கிறது: மிதிக்கிறது, பிடிக்கிறது, அடிக்கிறது. ஹீரோயினின் துண்டுகள் சும்மா இருக்கின்றன. அவை பார்ப்பதற்காக வைக்கப்பட்டவை. முகம் வந்ததும் ஹீரோவுக்கு அடுத்த ஷாட் ஆர்ப்பரிக்கும் கூட்டம். ஹீரோயினுக்கு அடுத்த ஷாட், அவளைப் பார்த்து வாய் பிளந்து நிற்கும் ஹீரோ. அந்த ரியாக்‌ஷன் ஷாட் வந்த நொடியில் இதுவரை பார்த்தது யார் கண் என்று தெரிந்துவிடுகிறது. நாம் டிக்கெட் எடுத்தது நம் கண்ணால் பார்க்க. பார்த்ததென்னவோ அவன் கண்ணால்.

பிரிட்டனின் லாரா மல்வி 1975-ல் 'ஸ்க்ரீன்' இதழில் எழுதிய கட்டுரை, ஹாலிவுட்டை முன்வைத்து இதைத்தான் விளக்கியது. ஆண் பார்க்கிறவன், பெண் பார்க்கப்படுகிறவள். கேமராவின் பார்வை, பாத்திரத்தின் பார்வை, ரசிகரின் பார்வை மூன்றும் ஒரே கோட்டில் வந்து சேர்கின்றன என்றார். அதன் பிறகு உலகமெங்கும் சினிமா வகுப்புகளில் அந்தக் கட்டுரை பாடமானது. கோடம்பாக்கத்துக்கு அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இருக்கவில்லை, கைப்பழக்கமாகவே வந்துவிட்டது.

பெண் பார்க்கும் காட்சியைப் பாருங்கள். எத்தனை படங்களில் எத்தனை முறை! மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில். காபித் தட்டோடு பெண் வருகிறாள். கேமரா எப்போதும் சோபாவில் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அவள் தூரத்திலிருந்து நம்மை நோக்கி வருவாள், தலை குனிந்து. அடுக்களையிலிருந்து அவள் முதுகுக்குப் பின்னால் நடந்து வந்து, அவள் கண்ணில் அந்தக் கூடம் எப்படித் தெரிகிறது என்று காட்டிய படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கேமராவைப் பத்தடி நகர்த்தினால் போதும், அதே காட்சி விசாரணைக் கூண்டாகிவிடும்.

ஆர்.ஆர். செய்யும் வேலை

பார்வையை விடச் சத்தம் இன்னும் நைசாக வேலை செய்யும். ஒரு தெரு. பெண் நடந்து போகிறாள். பின்னால் ஓர் இளைஞன். அவள் வேகத்தைக் கூட்டுகிறாள், அவனும் கூட்டுகிறான். அவள் திரும்பிப் பார்க்கிறாள், அவன் சிரிக்கிறான். இந்த நாலு ஷாட்டையும் நாற்பது ஐம்பது வருடமாகப் பார்த்து வருகிறோம். கீழே ஒரு புல்லாங்குழலும் குறும்பான தபேலாவும் வைத்தால் காதல். அதே நாலு ஷாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அடியில் தாழ்ந்த ஒற்றைச் சுருதி ஒன்றை மட்டும் இழுத்துவிட்டால் த்ரில்லர். நடித்தவர் அதே பையன், நடந்தவள் அதே பெண், அவள் முகத்தில் இருப்பது அதே பயம். அந்தப் பயத்தை வெட்கம் என்று நம்மைப் படிக்க வைத்தது ஆர்.ஆர். எனப்படும் பின்னணி இசை மட்டும்தான்.

2016-ல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, தமிழ் சினிமாவின் துரத்தல் காதல்களைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. ஹீரோக்கள் என்ன வசனம் பேசுகிறார்கள், பாட்டில் என்ன வரி வருகிறது என்று அலசினார்கள். தேவையான அலசல்தான். ஆனால் மிக்ஸிங் தியேட்டரில் நடக்கும் இந்த வேலையைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

இன்னொரு சத்தமும் இருக்கிறது: ஹீரோயினின் குரல். தமிழ் சினிமாவில் பல பத்தாண்டுகளாக நாயகியின் உடல் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. நாயகனுக்கும் இது நடந்ததுண்டு, மோகனுக்கு எஸ்.என். சுரேந்தர் குரல் கொடுத்தார். ஆனால் அது விதிவிலக்காகவே பேசப்பட்டது. நாயகிக்கு அதுவே வழக்கம். சிம்ரனுக்கும் ஜோதிகாவுக்கும் சவிதா பேசினார். '96' படத்தில் த்ரிஷாவின் ஜானுவுக்கு சின்மயி பேசினார். மொழி தெரியாத நடிகை என்பது ஒரு காரணம், உண்மைதான். ஆனால் தமிழ் தெரிந்தவர்களுக்கும் 'குரல் சரியில்லை' என்று மாற்றியதுண்டு. சரியான பெண் குரல் என்று ஒரு வார்ப்பு இருக்கிறது: கொஞ்சம் மெல்லியது, கொஞ்சம் குழந்தைத்தனமானது, கோபத்திலும் கீறல் விழாதது. கரகரப்பு ஆணுக்கு அழகு என்றால் பெண்ணுக்கு அது ரீ-டேக்.

'96' வெளியான அதே 2018-ல், மீ டூ புகார்களை சின்மயி வெளிப்படையாகப் பேசினார். அடுத்த சில வாரங்களில் டப்பிங் சங்கம் அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. சந்தா கட்டவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். ஜானுவின் குரலைக் கேட்டுத் தியேட்டரில் கண் துடைத்த ஊரில் இது நடந்தது.

மஞ்சுவைப் பார்த்தவர்கள்

இதையெல்லாம் 1978-லேயே புரிந்துகொண்ட ஒரு படம் தமிழில் இருக்கிறது. ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்'. கலர் படங்கள் ஓங்கிவிட்ட காலத்தில் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. நல்லுசாமியும் எம்.என். ஞானசேகரனும் ஒளிப்பதிவு. ஸ்ரீப்ரியாவின் மஞ்சு விளம்பரக் கம்பெனியில் வேலை செய்கிறாள். கமலின் அருண் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுப்பவன். அதாவது, கையில் கேமரா வைத்திருக்கிற நல்லவன். படத்தின் தொடக்கத்திலேயே அவன் நேராக நம்மைப் பார்த்து, சற்று இடப்பக்கம் தள்ளி உட்காரச் சொல்கிறான். பார்க்கிறவன் எங்கே இருக்கிறான் என்பதுதான் இந்தப் படத்தின் பிரச்சினை என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டார் ருத்ரய்யா.

அருண் தெருவில் பெண்களைப் பேட்டி எடுக்கிறான். மைக்கை நீட்டுகிறான், கேட்கிறான், பதிவு செய்கிறான். பக்கத்திலேயே இருக்கும் மஞ்சுவைப் புரிந்துகொள்ள அவனால் முடிவதில்லை. ரஜினியின் தியாகு நெற்றி நிறைய விபூதியோடு பெண்களை எடைபோடுகிறவன். அவனை வெறுப்பது நமக்குச் சுலபம். அருணை வெறுக்க முடியாது, அதனால்தான் அவன் பெரிய சிக்கல். மஞ்சுவின் முகத்தைப் பல இடங்களில் பாதி வெளிச்சம், பாதி இருட்டில் வைத்திருக்கிறார்கள். அக்கால நாயகிகளுக்கு முன்விளக்கும் மென்மையாக்கும் ஃபில்டரும் கட்டாயம். தோலில் ஒரு கோடு தெரியக்கூடாது. இங்கே அவள் அழகாகத் தெரிய வேண்டும் என்ற அவசரம் லென்ஸுக்கு இல்லை. அவளை முழுசாகத் தெரிந்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளும் ஆணவமும் இல்லை.

கடைசியில் அருண் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். காரில் நால்வர். பெண் விடுதலை பற்றி மஞ்சு கேட்க, புது மனைவி தனக்குத் தெரியாது என்கிறாள். மஞ்சுவை இறக்கிவிட்டுக் கார் போகிறது. நாம் காரோடு போய்விடுகிறோம். அவளோடு நடுத்தெருவில் நிற்க நமக்கு இடம் தரப்படவில்லை. அவளை விட்டுவிட்டுப் போகிறவர்களின் பக்கத்தில் நம்மையும் உட்கார்த்தி வைத்தது, என் பார்வையில், தமிழ் சினிமா தன் ஆண் ரசிகனுக்குச் செய்த நேர்மையான காரியங்களில் ஒன்று. தீபாவளிக்கு வந்த படம் அது. எந்தத் தைரியத்தில் தீபாவளிக்குப் போட்டார்களோ!

சிங்க்கிலிருந்து ஒழுகும் தண்ணீர்

நாற்பத்து மூன்று வருடம் தள்ளி, பக்கத்து மாநிலத்துக்குப் போவோம். 2021 ஜனவரியில் நேரடியாக ஓ.டி.டி.யில் வந்தது ஜியோ பேபியின் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்'. சாலு கே. தாமஸ் ஒளிப்பதிவு, பிரான்சிஸ் லூயிஸ் எடிட்டிங். நிமிஷா சஜயனும் சுராஜ் வெஞ்ஞாறமூடும் கணவன் மனைவி. அவர்களுக்குப் பெயர்கூட வைக்கவில்லை.

தொடக்கத்தில் அவள் நடனமாடுகிறாள். அந்த ஷாட்களுக்கு நடுவே, பெண் பார்க்க வருபவர்களுக்காகப் பலகாரம் பொரியும் ஷாட்களை வெட்டி வெட்டிச் சேர்க்கிறார் எடிட்டர். காலடித் தாளமும் எண்ணெய்ச் சத்தமும். இரண்டும் ஒரே அழகோடு இருக்கின்றன, பார்க்கிற நமக்குப் பசிக்கவும் செய்கிறது. கல்யாணத்துக்குப் பிறகும் அதே கறி நறுக்கும் கை, அதே தாளிப்பு, அதே ஆவி. முதல் முறை பார்க்கும்போது சமையல் நிகழ்ச்சி மாதிரி ரசிக்கிறோம். இரண்டாம் நாள் அதே ஷாட். மூன்றாம் நாள் அதே ஷாட். எங்கேயோ ஓரிடத்தில் வாயில் ஊறிய எச்சில் வற்றிப்போகிறது. யாரும் அடிக்கவில்லை, யாரும் கத்தவில்லை. மாமனார் மிக மென்மையாகப் பேசுகிறார். சோற்றைக் குக்கரில் வைக்காமல் விறகடுப்பில் வைத்தால் நன்றாக இருக்கும் என்கிறார், அவ்வளவுதான். வன்முறை முழுக்கவும் திரும்பத் திரும்ப வரும் ஷாட்டில் இருக்கிறது. வசனமாக எழுதியிருந்தால் இரண்டு வரிக்கு மேல் தேறாது.

இடத்தைப் பங்கிட்ட விதத்தையும் கவனிக்க வேண்டும். கணவன் யோகா செய்கிறான்; அங்கே காற்று இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது. மாமனார் பேப்பர் படிக்கிறார். அங்கே அமைதி இருக்கிறது. வெட்டினால் அடுக்களை. கேமராவுக்கே திரும்ப இடமில்லாத நெருக்கம். மேடை உயரத்தில், பாத்திரங்களுக்கு இடையே, அவள் முழங்கையில் இடிபடும் தூரத்தில் நிற்கிறது. பின்னணி இசை என்று சொல்லும்படி பெரும்பாலும் எதுவும் கிடையாது. கத்தி, கரண்டி, ஸ்க்ரப்பர், சொட்டும் தண்ணீர். ஆண்கள் சாப்பிட்டு எழுந்த மேஜையில் மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை கிடக்கிறது. அதே மேஜையில்தான் பெண்கள் உட்கார வேண்டும். அந்தச் சக்கைக்குக் கிடைத்த க்ளோஸ்-அப், சாதாரணமாக நம் சினிமாவில் நாயகியின் இடுப்புக்குக் கிடைப்பது.

ஒழுகும் சிங்க்கைச் சரிசெய்ய ஆள் கூப்பிடச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நடப்பதில்லை. இரவில் கணவன் நெருங்கும்போது அவள் தன் கை விரலை முகர்ந்து பார்க்கிறாள். கழிவுநீர் நாற்றம். சினிமாவால் வாசனையைக் காட்ட முடியாது என்பார்கள். இந்த ஒரு ஷாட்டில் நமக்கு மூக்கைப் பொத்தத் தோன்றுகிறது. பள்ளியறைக் காட்சி என்றால் இத்தனை வருடமாகப் பால் சொம்பும் அணைந்த விளக்கும்தான். அங்கே பெண்ணின் மூக்குக்கு ஒரு ஷாட் கொடுக்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

இந்த வழியின் மூதாதை பெல்ஜியத்தில் இருக்கிறாள். ஷாந்தால் அகெர்மான் 1975-ல் எடுத்த 'ஜான் தீல்மான்' 201 நிமிடப் படம். ஒரு விதவையின் மூன்று நாள். உருளைக்கிழங்கு உரிப்பாள், கட்டில் விரிப்பாள், விளக்கணைப்பாள். பபெட் மாங்கோல்ட்டின் கேமரா நகராது, அவள் உடம்பை நோக்கிக் குனியாது, ஒளிந்து பார்க்காது. எதிர் ஷாட்டே இல்லாததால் அவளைப் பார்க்கும் இன்னொருவர் கண்ணும் இல்லை. மல்வியின் கட்டுரை வந்த அதே ஆண்டு. 2022-ல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் நடத்திய விமர்சகர்கள் வாக்கெடுப்பில் உலகின் தலைசிறந்த படமாக முதலிடம் பிடித்தது. அந்த இடத்துக்கு ஒரு பெண் இயக்குநரின் படம் வந்தது அதுவே முதல் முறை.

அப்படியானால் பெண்கள் கேமராவைக் கையில் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? தமிழிலிருந்தே பதில் இருக்கிறது. ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று கொண்டாடப்படும் பி.ஆர். விஜயலட்சுமி தனித்துப் பணியாற்றிய முதல் படம் 1985-ல் வந்த பாக்யராஜின் 'சின்ன வீடு'. மனைவி குண்டாக இருக்கிறாள் என்று வெளியே வாசல் தேடும் கணவனின் கதை. தொழிலில் அவர் போட்ட பாதை பெரியது, அதில் மறுபேச்சில்லை. ஆனால் யார் கண்ணால் கதை சொல்லப்படுகிறது என்பது ஸ்க்ரிப்ட்டிலேயே முடிவாகிவிட்டால் வியூஃபைண்டரில் யார் கண் வைத்தாலும் அதே காட்சிதான் தெரியும்.

பேசாத மீனா

எதிர்த்திசையில் ஓர் உதாரணம். பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவில் திரையிடப்பட்டு, 2024 ஆகஸ்டில் தியேட்டருக்கு வந்தது. இயக்கியவர் ஆண், ஒளிப்பதிவு செய்த பி. சக்திவேலும் ஆண். வேறு சாதிப் பையனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டி, சாமியாடியிடம் அழைத்துப் போகிறது குடும்பம். முறைமாமன் பாண்டியாக சூரி. மீனாவாக அன்னா பென்.

மீனா கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை. வசனக் கணக்கு வைத்துப் பெண்ணியம் பார்க்கிறவர்கள் இங்கே பூஜ்யம் போட வேண்டியிருக்கும். பாண்டிக்கோ தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கரகரத்துப் பேசுகிறான். அதிகாரம் உள்ளவனுக்குக் குரல் கெட்டிருக்கிறது, குரல் இருப்பவள் அதைத் தர மறுக்கிறாள். பெண்கள் ஆட்டோவுக்குள் அடைந்து கிடக்க, ஆண்கள் பைக்கில் சுற்றிலும் வருகிறார்கள். பலிக்குக் கட்டிய சேவலும் கூடவே வருகிறது. வழியில் எங்கோ ஒலிபெருக்கியில் ஓடும் சினிமாப் பாட்டுக்கு மீனாவின் உதடு லேசாக அசைகிறது. அதைப் பார்த்துவிட்ட பாண்டி வெறிபிடித்து அடிக்கிறான், தடுக்க வந்த பெண்களையும் சேர்த்து. படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஸ்லோ மோஷன் இல்லை, ஸ்டண்ட் இல்லை, அழவைக்கும் வயலின் இல்லை. அடியின் சத்தம் வெறும் அடியின் சத்தமாகவே காதில் விழுகிறது. சினிமாவில் பெண் அடி வாங்கும்போதெல்லாம் இசை வந்து நமக்காக அழுதுவிடும், நாம் தப்பித்துக்கொள்வோம். இங்கே அந்த வசதி இல்லை.

இன்னோரிடத்தில் சாலையை மறித்து ஒரு காளை நிற்கிறது. மீசை முறுக்கிய அத்தனை பேரும் கையைப் பிசைகிறார்கள். ஒரு சிறுமி வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். ஒரு பெரிய இயக்குநர் கையில் கிடைத்திருந்தால் அவளுக்கு லோ ஆங்கிளும் மேளமும் கிடைத்திருக்கும். வினோத்ராஜ் எட்ட நின்று பார்க்கிறார். சிறுமிக்கு அது வீரமே இல்லை, தினசரி வேலை.

முடிவில் சாமியாடி இன்னொரு பெண்ணின் உடம்பில் கை வைக்கும் விதத்தைப் பாண்டி பார்க்கிறான். இத்தனை நேரம் மீனாவைக் கண்காணித்த அதே கண்கள். இப்போது அவற்றுக்கு வேறொன்று தெரிகிறது. அடுத்து மீனாவின் முறை. அவன் என்ன செய்யப்போகிறான் என்று சொல்லாமலே படம் முடிகிறது. தியேட்டரில் பலருக்குக் கோபம் வந்தது, முடிவே இல்லையே என்று. மீனாவிடம் கேட்கக் கேள்வி எதுவும் பாக்கி இல்லை என்று இயக்குநருக்குத் தெரிந்திருக்கிறது. பாக்கி இருப்பது பாண்டியிடம். அந்த வகையில், கடந்த பத்தாண்டுகளில் பெண்ணைப் பற்றி வந்த தமிழ்ப் படங்களில் கேமராவைச் சரியான ஆள் மீது திருப்பியது 'கொட்டுக்காளி' என்றே சொல்வேன்.